கார் மேலே வைத்த பை

1967-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வயலின் காணாமல் போனது. இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1732-இல் செய்த வயலின் அது. ‘டியூக் ஆஃப் அல்காந்தரா’ என்று தனிப் பெயரே அதற்கு உண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அந்த வாத்தியத்தை, நால்வர் இசைக்குழு ஒன்றின் கலைஞர் இரவலாக வாங்கி வாசித்துவந்தார். ஒத்திகைக்குப் போன நாளில் அது தொலைந்தது. எப்படித் தொலைந்தது என்பதற்கு அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. கார் மேலே வைத்துவிட்டு மறந்துபோய் ஓட்டிச் சென்றிருக்கலாம். அல்லது காருக்குள்ளிருந்து யாராவது திருடியிருக்கலாம். 27 ஆண்டுகள் கழித்து, 1994-இல், வேறொருவர் கையில் இருந்த அந்த வயலினை வயலின் துறை அறிந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். அதை நெடுஞ்சாலை ஓரத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கண்டெடுத்ததாக அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டது. உரிமை யாருக்கு என்ற சர்ச்சை ஓய்ந்து, 1995-இல் 11,500 டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் தன் வயலினைத் திரும்பப் பெற்றது.

இந்தச் சம்பவத்தில் யோசிக்க வைப்பது அந்தக் கலைஞரின் நிச்சயமின்மை. விலைமதிப்பற்ற பொருள், பொறுப்புள்ள மனிதர், நடந்ததும் அன்றைக்குத்தான். இருந்தும் கார் மேலே வைத்தோமா, உள்ளே வைத்தோமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அக்கறை இருந்தால் மறக்காது என்பதுதான் நம் பொது நம்பிக்கை. பர்ஸையோ செல்போனையோ டிபன் பையையோ கார் மேலே வைத்துவிட்டுக் கிளம்பியவர் வீட்டுக்கு வந்து சொன்னால், “எங்கே இருந்துச்சு உன் புத்தி?” என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்வி தப்பான இடத்தில் விடை தேடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருள் தொலைவதற்கான காரணத்தைக் கிளம்பும் நேரத்தில் தேடிப் பயனில்லை. அதை அங்கே வைத்த நேரத்தில், வைத்த இடத்தில் தேட வேண்டும்.

வைக்கும் நேரத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். காலை எட்டரை மணி. ஒரு கையில் டிபன் பை, அக்குளில் ஃபைல், மறு கை விரல்களில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. சாவி பேன்ட் பாக்கெட்டில். கதவைத் திறக்க ஒரு கை வேண்டும். சாவி எடுக்கவும் அதே கைதான் வேண்டும். கீழே வைத்தால் அழுக்காகும், குனியவும் வேண்டும். எதிரே, தோளுக்கும் கண்ணுக்கும் நடுவான உயரத்தில், சமதளமாக, சுத்தமாக ஒரு மேடை இருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சராசரி உயரமுள்ள ஒருவர் தலைக்கு மேல் கையைத் தூக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். பை மேலே போகிறது. பாக்கெட்டுக்குள் கை போகிறது, கதவு திறக்கிறது. ஃபைலைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு உட்காருகிறார். அந்த நொடியில் செல்போன் அடித்தால் போதும். சீட்டில் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடி வழியே பானெட் தெரியும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரியும், உள்கண்ணாடியில் பின் சீட்டு தெரியும். தன் தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும் தெரியாது. நிற்கும்போது கைக்கு மிக வசதியாகவும், உட்கார்ந்ததும் கண்ணுக்கு முழுக்க மறைவாகவும் இருக்கிற ஒரே பரப்பு காரின் கூரைதான். பானெட் மேல் வைத்த பையை மறந்து யாரும் ரொம்ப தூரம் போவதில்லை, அது கண்ணுக்கு நேரே நிற்கும்.

இதில் மனம் செய்கிற வேலை என்ன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். நடந்ததை நினைவுகூர்வது ஒரு வகை. இனிமேல் செய்ய வேண்டியதை, அதற்குரிய நேரத்தில் நினைத்துக்கொள்வது வேறொரு வகை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது முதல் வகை. பையை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வகைக்கு ஒரு விசித்திரம் உண்டு. தேர்வில் கேள்வித்தாள் கேட்கிறது, நாம் யோசித்துப் பதில் எழுதுகிறோம். இங்கே கேட்க ஆளில்லை. மனம் வேறொன்றில் இருக்கும்போது தானாகவே அந்த எண்ணம் எழ வேண்டும். எழுவதற்கு வெளியிலிருந்து ஏதாவது ஒரு குறிப்பு கிடைத்தால் வேலை சுலபம். ஜில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டாவது வகையைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பவர்களிடம், குறிப்பிட்ட சொல் வரும்போது இன்னதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். அந்தச் சொல் கண்ணில் பட்டபோது நினைத்துக்கொள்வதில் முதியவர்கள் இளையவர்களைவிடப் பின்தங்கவில்லை. “வயசாயிடுச்சு, அதான்” என்று பையைத் தொலைத்த அறுபது வயதுக்காரரைத் தேற்றுகிறோமே, அதற்கு முன் அவருக்குக் கண்ணெதிரே ஏதாவது குறிப்பு இருந்ததா என்று கேட்பது நியாயம். கூரையில் வைத்த பை அந்தக் குறிப்பைத் தராது. தன்னைத் தானே நினைவூட்டியிருக்க வேண்டிய பொருள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு இன்னொரு கண்டுபிடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் மைக்கேல் பர்ன், சூசன் போவேர் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, நோக்கம் நிறைவேறிய பிறகு மிச்சமிருக்கும் கடைசிப் படியை மனிதர்கள் தவறவிடுவதைப் பற்றியது. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறோம். நகல் கைக்கு வந்ததும் அசலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நகல்தான் நோக்கம், அது கிடைத்ததும் மனம் அந்த வேலையை முடித்துக் கட்டிவிடுகிறது. ஏடிஎம் இயந்திரம் முதலில் பணத்தையும் பிறகு கார்டையும் தந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுப் போகிறவர்கள் அதிகம். கார்டை எடுத்த பிறகே பணம் வரும்படி வரிசையை மாற்றினால் அந்தத் தவறு பெருமளவு நின்றுபோகிறது. மாறியது வாடிக்கையாளரின் குணமல்ல, வரிசைதான். கார் விஷயத்திலும் இதே கதை. காருக்குள் ஏறி உட்கார்வது நோக்கம். பையை மேலே வைத்தது அதற்காகக் கையைக் காலி செய்த ஒரு சின்ன உபாயம். கதவு சாத்தியதும் நோக்கம் நிறைவேறிவிட்டது, உபாயம் மனதிலிருந்து கழன்றுவிட்டது.

சரி, வண்டி கிளம்பியதும் பொருள் விழுந்திருந்தால் சத்தம் கேட்டாவது நிறுத்தியிருப்போமே? அங்கேயும் கூரை நம்மைக் கைவிடுகிறது. ஊருக்குள் நிதானமாகக் கிளம்பும் கார் தரும் இழுப்பு, பைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வை வெல்லப் போதாது. எனவே பொருள் பாட்டுக்குக் கூடவே வருகிறது. தெரு முனை வரைக்கும் ஒன்றும் நடக்காது. காற்றின் தள்ளுவிசையோ வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். நின்றுகொண்டிருக்கும் ஒரு காகிதக் காபிக் கோப்பை என்றால், வேகம் ஓரளவு கூடியதும் காற்று அதைத் தள்ளிவிடும். தட்டையாகப் படுத்திருக்கும் செல்போனுக்கு அந்த வேகத்தில் காற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது ஒரு வேகத்தடைக்கோ, திருப்பத்துக்கோ, சிக்னலில் போடும் திடீர் பிரேக்குக்கோ காத்திருக்கும். ஆகவே பொருள் விழும் இடம் வைத்த இடமாக இருப்பதில்லை. போக்குவரத்து வேகமெடுக்கும் இடத்தில், நிறுத்தித் திரும்பி வர முடியாத சாலையில் விழுகிறது. கண்ணாடி பாட்டிலோ கனமான பெட்டியோ பின்னால் வரும் பைக்காரர் முன்னால் விழுந்தால் நஷ்டம் தொலைத்தவரோடு நிற்காது.

இங்கே முதல் எதிர்ப்பு வரும். எல்லோரும்தான் கார் வைத்திருக்கிறார்கள், எல்லோருமா இப்படி விட்டுவிட்டுப் போகிறார்கள்? கவனமில்லாதவர்களுக்குத்தானே நடக்கிறது? பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970-களில் சாதாரண மனிதர்களிடம் தங்கள் அன்றாடத் தவறுகளைக் குறித்துவைக்கச் சொல்லி ஆராய்ந்தார். அவர் கண்டது நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. இத்தகைய சறுக்கல்கள் பழக்கமில்லாத வேலையில் வருவதைவிட, நன்றாகப் பழகிய வேலையில், பழகிய இடத்தில், மனம் வேறெங்கோ இருக்கும்போதுதான் வருகின்றன. புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறார். இருபது வருடம் ஓட்டியவரின் கைகால்கள் அவரைக் கேட்காமலேயே வேலையைச் செய்துவிடுகின்றன. தேர்ச்சியின் விலை அது. இடையில் ஒரு குறுக்கீடு வந்தால் கேட்கவே வேண்டாம். அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் இதைப் பார்க்கலாம். மருத்துவர் அதுல் கவாண்டேயும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் உடலுக்குள் பஞ்சோ கருவியோ தங்கிவிடும் வாய்ப்பு அவசர அறுவைச் சிகிச்சைகளில் ஒன்பது மடங்கும், சிகிச்சையின் நடுவே திட்டம் மாறியபோது நான்கு மடங்கும் அதிகமாக இருந்தது. கத்தியைப் பிடித்து நிற்பவர்களை அக்கறையற்றவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதைவிடக் கொடுமையான சான்று ஒன்று உண்டு. 1996 அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பெரு நாட்டின் லிமாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பியது ஏரோபெருவின் போயிங் 757 விமானம். விமானத்தைக் கழுவி மெருகேற்றும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் சிறு துளைகளுக்குள் எதுவும் புகாமலிருக்க ஒட்டும் நாடாவால் மூடியிருந்தார்கள். வேலை முடிந்தது, நாடா அப்படியே இருந்தது. அந்த நாடா விமானத்தின் உடலோடு ஒன்றிப்போகும் நிறத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் கண்ணிலும் படவில்லை, புறப்படும் முன் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை. உயரம் காட்டும் கருவியும் வேகம் காட்டும் கருவியும் பொய் சொல்ல, இருட்டில் விமானம் கடலில் விழுந்தது. இருந்த 70 பேரும் இறந்தார்கள். தொழிலாளி தண்டிக்கப்பட்டார். அவரைத் தண்டித்ததால் அடுத்த விமானம் பத்திரமாகிவிடாது. கண்ணில் உறுத்தும் நிறத்தில் உறையும், அதில் தொங்கும் சிவப்புப் பட்டியும் இருந்தால்தான் பத்திரம். பறப்பதற்கு முன் அகற்று என்று எழுதிய அந்தச் சிவப்புப் பட்டி விமானத் தளங்களில் நெடுநாளாக உண்டு. அன்றைக்கு அந்தத் துளைகளின் மேல் அது இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது. இப்படியே பேசிக்கொண்டு போனால் யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? இடத்தின் மேல் பழி, வரிசையின் மேல் பழி, மூளையின் மேல் பழி. மனிதன் எங்கே போனான்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பொறுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எந்த நொடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டியைக் கிளப்பும் நொடியில் பை அவர் மனதில் இல்லை. மனதில் இல்லாத ஒன்றை எடுக்க முடிவு செய்ய யாராலும் முடியாது. அந்த நொடியில் ‘கவனமாக இரு’ என்ற உபதேசம் காதில் விழாது, ஏனென்றால் எதில் கவனமாக இருப்பது என்பதே அங்கே தெரியவில்லை. பையை மேலே வைத்த நொடியிலோ அவருக்கு எல்லாம் தெரியும். பை கையில் இருக்கிறது, கண் பார்க்கிறது, வேறு இடம் தேடவும் வழியிருக்கிறது. பொறுப்பு அங்கேதான் நிற்கிறது. “எப்பவும் எடுத்துடுவேன், இதுவரைக்கும் விட்டதில்லை” என்று சொல்பவர், தான் எடுத்த நூறு தடவையும் ஏதோ ஒன்று ஞாபகப்படுத்தியது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நூற்றியோராவது தடவை செல்போன் அடிக்கும்.

நம் தெருக்களில் இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி டூவீலரின் சைடு ஸ்டாண்ட். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும் எவருக்கும் அந்தக் குரல் பழக்கம். “அண்ணே, ஸ்டாண்ட்!” என்று பக்கத்தில் போகிறவர் கத்துவார், எதிரே வருபவர் ஹாரன் அடித்துக் காலைக் காட்டுவார். “அக்கா, துப்பட்டா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். முன்பின் தெரியாதவர்கள் இப்படி ஒருவர் கண்ணை ஒருவர் இரவல் கொடுப்பது நம்மூர்ச் சாலைகளின் பெரிய நற்குணம். என்றாலும் இடப்பக்கம் திரும்பும்போது ஸ்டாண்ட் தரையில் இடித்து விழுந்தவர்கள் ஏராளம். மீட்டரில் சின்ன விளக்கு எரிவது போதவில்லை. ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது என்ற ஏற்பாடு இப்போது பல வண்டிகளில் வந்திருக்கிறது. அதில் மறப்பதற்கே இடமில்லை. மறந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். பல வருட உபதேசம் செய்யாததை ஒரு சிறு சுவிட்ச் செய்துவிட்டது.

கார்கள் சில விஷயங்களில் எதிர்த்திசையில் போயிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பிய காலத்தில் சாவி கையில் இருந்தாக வேண்டும். பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவி பாக்கெட்டிலோ பையிலோ அருகில் எங்காவது இருந்தால் போதும். அந்த ‘எங்காவது’ சில கார்களில் கூரையாகவும் இருந்துவிடலாம். கார் கிளம்பிவிடும், சாவி வழியில் விழுந்துவிடும், எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போன இடத்தில் நிறுத்திய பிறகு மறுபடி கிளப்ப முடியாது.

பர்ஸ் போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் இதே மறதி, இதே வடிவத்தில், பின் சீட்டில் தூங்கும் குழந்தை விஷயத்திலும் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சை அற்பமென்று ஒதுக்க முடியவில்லை. அமெரிக்காவில் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் பூட்டிய காரின் வெப்பத்தில் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மறந்து விடப்பட்டவர்கள். முன் சீட்டு ஏர்பேக் விரிந்து குழந்தைகள் இறந்ததால், 1990-களில் குழந்தைகளைப் பின் சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். கைக்குழந்தையின் இருக்கையைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிவைக்கவும் சொன்னார்கள். அந்த அறிவுரை சரியானது, உயிர்களைக் காத்தது. கூடவே குழந்தை ஓட்டுநரின் பார்வையிலிருந்து மறைந்தது. வழக்கமாக அம்மா கொண்டுபோய் விடும் குழந்தையை ஒரு நாள் அப்பா ஏற்றிக்கொள்கிறார். குழந்தை தூங்கிவிடுகிறது, கார் பழக்க தோஷத்தில் நேரே ஆபீஸுக்குப் போகிறது. பாசம் குறைந்தவர்களுக்குத்தான் இது நடக்கும் என்று நம்ப நமக்கெல்லாம் ஆசை. அப்படி நம்பினால் நம் வீட்டுக்கு வராது என்று நிம்மதியாக இருக்கலாம். ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழில் ஜீன் வைன்கார்ட்டன் 2009-இல் எழுதி அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நீண்ட கட்டுரை அந்த நிம்மதியைக் கலைத்தது. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை, அளவுக்கு மீறிக் கவனமானவர் என்று எல்லா வகைப் பெற்றோரும் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசுவது அடுத்த குழந்தையைக் காப்பாற்றாது என்பது மட்டுமில்லை. “நான் அப்படிப்பட்ட ஆளில்லை” என்று மற்றவர்கள் ஏற்பாடுகளை அலட்சியம் செய்யவும் அதுவே காரணமாகிறது.

இத்தாலி இதைப் புரிந்துகொண்டு சட்டம் செய்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றிச் சென்றால், குழந்தையை விட்டுவிட்டு இறங்கும்போது எச்சரிக்கும் கருவி இருக்கையில் இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பரில் அங்கே கட்டாயமானது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 2017 மாடல் ஜிஎம்சி அகாடியா காரில் கொண்டுவந்த ஏற்பாடு இன்னும் எளிமையானது. கிளம்புவதற்கு முன் பின் கதவு திறக்கப்பட்டிருந்தால், போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைக்கும்போது மணி அடித்துப் பின் சீட்டைப் பார்க்கச் சொல்லும். குழந்தை இருக்கிறதா என்று அறியும் கருவி எதுவும் அதில் இல்லை, கதவு திறந்ததை மட்டும் அது நினைவில் வைக்கிறது. விலை உயர்ந்த தொழில்நுட்பம் இல்லாமலேயே செய்யக்கூடிய இத்தகைய வசதி சின்னக் கார்களிலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. மணி அடித்துப் பழகிவிட்டால் அதையும் காதில் வாங்க மாட்டார்கள் என்று ஒரு ஆட்சேபம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. எப்போதும் ஒலிப்பது காலப்போக்கில் ஒலிக்காததற்குச் சமம். ஆகவே மணியை மட்டும் நம்பாமல், செய்தே தீர வேண்டிய ஒரு வேலையோடு நினைவைக் கட்டிப்போடுவதுதான் உறுதியான வழி.

கார் கூரை விஷயத்தில் அது சுலபம். முதலில் கதவைத் திறந்து, கையிலிருப்பதை ஓட்டுநர் சீட்டிலேயே வைக்கலாம். அதை நகர்த்தாமல் உட்கார முடியாது. வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பானெட் மேல், ஸ்டீயரிங்குக்கு நேரே. அதுவும் முடியாதபோது கார் சாவியைப் பையின் பிடியிலேயே மாட்டிவிட்டால், பட்டன் கார் அல்லாதவற்றில் பை இல்லாமல் வண்டி கிளம்பாது. ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியபடி, ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே மனதில் இணைத்துவைக்கும் தீர்மானம், ‘மறக்கக் கூடாது’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. கதவின் கைப்பிடியில் கை பட்டால் கண் ஒரு முறை கூரையைப் பார்க்கும் என்பது அப்படி ஓர் இணைப்பு. குழந்தை விஷயத்தில், இறங்கும்போது இல்லாமல் முடியாத ஒன்றை, ஆபீஸ் ஐடி கார்டையோ ஹேண்ட்பேகையோ செல்போனையோ, பின் சீட்டில் குழந்தையின் பக்கத்தில் வைப்பது வழக்கமாக வேண்டும். பாலர் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ சேர்க்கும்போதே, சொல்லாமல் குழந்தை வராத நாளில் பதினைந்து நிமிடத்துக்குள் அப்பா, அம்மா இருவருக்கும் போன் செய்யும்படி கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.